கருத்த தோலில் எக்சிமா: "சிவக்கவே இல்லையே" என்று கேட்டே மூன்று வருஷம் போய்விட்டது

#1 தூங்காத_அம்மா

என் மகளுக்கு ஆறு வயது. என்னைப் போலவே நல்ல கருப்பு. மூன்று வயதில் சொறிய ஆரம்பித்தவள், இன்றுவரை ஓயவில்லை. காலையில் படுக்கை விரிப்பை உதறினால் பொடிப்பொடியாகச் செதில் கொட்டும். கணுக்கால் பக்கம் பொட்டுப் பொட்டாக ரத்தக் கறை. சொறிந்து சொறிந்து விரல் நகமெல்லாம் பாலிஷ் போட்ட மாதிரி பளபளக்கும். முழங்காலின் முன்பக்கத்தைத் தடவினால் உப்புத்தாள்.

இந்த மூன்று வருஷத்தில் மூன்று டாக்டர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னது ஒன்றுதான்: "சிவப்பே இல்லையேம்மா, லேசான வறட்சிதான். மாய்ஸ்சரைசர் போடுங்க, வளர வளரச் சரியாகிவிடும்." கடைசியாகச் சொன்னவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, டியூப்லைட் வெளிச்சத்தில், ஒரு பார்வை. அவ்வளவுதான்.

போன மாதம் நாலாவதாக ஒரு தோல் டாக்டர். அவர் எழுந்து வந்து பிள்ளையை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார். விரலின் பின்பக்கத்தால் காலை மெதுவாக வருடிப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாள்?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "நாலைந்து தடவை" என்றேன். "இது லேசானது இல்லை, கடுமையான எக்சிமா, அதாவது அரிப்பெடுக்கும் தோல் அழற்சி" என்று எழுதிக் கொடுத்தார்.

என் கேள்வி இதுதான். இது எங்கள் ராசியா, இல்லை கருத்த தோல்காரர்கள் எல்லோருக்கும் இதே கதையா?

#2 தோல்வார்டு_செவிலி

ராசி இல்லைம்மா. நான் தோல் பிரிவில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன், இந்தக் கதையை மாசத்துக்கு நாலு தடவையாவது கேட்கிறேன்.

அழற்சி வந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெளுத்த தோலில் அந்த ரத்தம் சிவப்பாகவே தெரியும். தோலுக்குக் கருமை தரும் மெலனின் அதிகமுள்ள தோலில் அதே ரத்தத்தை ஒரு கருந்திரை வழியாகப் பார்க்கிறோம். அதனால் ஊதாவாக, சாம்பல் கலந்த பழுப்பாக, இல்லாவிட்டால் சுற்றியுள்ள தோலைவிட ஒரு படி கருப்பாகத் தெரியும். சிவப்பைத் தேடி வருகிற கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, இடம். எக்சிமா என்றால் முழங்கை மடிப்பு, முழங்கால் பின்மடிப்பு என்று எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். கருத்த தோலில் அது முன்பக்கத்தில், முட்டிமேல் வருவது சகஜம். மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னக் குருக்களாகவும் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் புல்லரித்த மாதிரிதான் இருக்கும். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2007ல் குழந்தைகளுக்கான எக்சிமா வழிகாட்டியில் இதை எழுதியே வைத்தது: ஆசிய, கருப்பினக் குழந்தைகளுக்கு மடிப்பில் வராமல் வெளிப்பக்கத்தில் வரலாம், வட்ட வட்டமாகவோ மயிர்க்காலை ஒட்டியோ வரலாம் என்று. எழுதி வைத்ததைப் படிக்க வேண்டுமே.

உங்கள் பிள்ளையின் முழங்கால் உப்புத்தாள் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். நேரில் பார்க்காமல் சொல்கிறேன், டாக்டர் சொன்னதே முடிவு.

#3 இறுதியாண்டு

மருத்துவ மாணவன். செவிலி அக்கா சொன்னதற்கு ஒரு சேர்க்கை.

எங்களுக்கு "எரித்தீமா" என்றால் சிவப்பு என்றுதான் முதல் வகுப்பிலிருந்தே பாடம். படமும் அதற்கேற்றதுதான். வட அமெரிக்காவில் பரவலாகப் படிக்கப்படும் நாலு மருத்துவப் பாடநூல்களை எடுத்து அதிலுள்ள 4000க்கும் மேற்பட்ட படங்களை எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று 2018ல் வந்தது. கருத்த தோல் உள்ள படங்கள் வெறும் 4.5 சதவீதம். நூறு படத்தில் ஐந்துகூட இல்லை.

லண்டன் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவக் கல்லூரியில் மலோன் முக்வெண்டே என்ற மாணவர் இதே எரிச்சலில், வகுப்பில் "கருத்த தோலில் இது எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் இரண்டு ஆசிரியர்களோடு சேர்ந்து 2020ல் 'மைண்ட் தி கேப்' என்று ஒரு கையேடே போட்டுவிட்டார். ஒரு மாணவன் செய்து முடிக்கிற அளவு வேலைதான் அது. அதற்கு ஒரு மாணவன் கிளம்ப வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம்.

#4 நேர்ப்பேச்சு

கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

எதற்கெடுத்தாலும் நிறப் பாகுபாடு என்று கொண்டுபோய்ச் சேர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கருத்த தோலுள்ள டாக்டர்களும்தான் இதைத் தவறவிடுகிறார்கள். அவர்களுக்கு யார்மேல் வெறுப்பு? அவசர அவசரமாகப் பார்க்கிறார்கள், அதுதான் கோளாறு. ஒரு நோயாளிக்கு மூன்று நிமிஷம் கொடுத்தால் எந்த நிறத் தோலிலும் தப்பு வரத்தான் செய்யும். புள்ளிவிவரம் இருந்தால் காட்டுங்கள், உணர்ச்சி வேண்டாம்.

#5 இறுதியாண்டு

நேர்ப்பேச்சு சார், நீங்கள் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். கருத்த டாக்டரும் தவறவிடுகிறார், ஏனென்றால் அவரும் அதே 4.5 சதவீதப் புத்தகத்தில்தான் படித்தார். யாருக்கும் வெறுப்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அளவுகோல் தப்பாக இருந்தால் நல்ல மனசோடு அளந்தாலும் தப்பாகத்தான் வரும்.

புள்ளிவிவரம் கேட்டீர்கள். எக்சிமா எவ்வளவு கடுமை என்று மதிப்பெண் போட இரண்டு முறைகள் பிரபலம். ஸ்கோராட் 1993ல் வந்தது, ஈஸி 2001ல் வந்தது. (பெயர்தான் ஈஸி. போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.) ஈஸியில் ஒவ்வொரு உடல் பகுதிக்கும் நாலு விஷயம் பார்க்க வேண்டும்: சிவப்பு, தடிப்பு, சொறிந்த காயம், சொறிந்து சொறிந்து தோல் மரப்பட்டை மாதிரி கெட்டியானது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. சிவப்பு தெரியவில்லை என்று பூஜ்யம் போட்டால் நாலில் ஒரு பங்கு அப்படியே போச்சு.

எக்சிமா உள்ள குழந்தைகளை வைத்து 2002ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. வழக்கமான மதிப்பெண்ணைப் பார்த்தால் கருப்பினக் குழந்தைகளுக்கும் வெள்ளைக் குழந்தைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிவப்புக்குப் போட்ட மதிப்பெண்ணால் வரும் கோணலைச் சரிசெய்து மறுபடி கணக்குப் போட்டபோது, கடுமையான எக்சிமா இருக்கும் வாய்ப்பு கருப்பினக் குழந்தைகளுக்குச் சுமார் 6 மடங்கு அதிகமாக வந்தது. பிள்ளைகள் அதே பிள்ளைகள், தோல் அதே தோல்.

இதன் விளைவு பணத்திலும் தெரியும் சார். டுபிலுமாப் மாதிரி விலை கூடிய ஊசிகளுக்கு அனுமதி கொடுக்கும்போது பல இடங்களில் கடுமையைத்தான் பார்க்கிறார்கள். "லேசானது" என்று எழுதிவிட்டால் அந்தக் கதவு பிள்ளைக்குத் திறக்காது.

#6 நேர்ப்பேச்சு

6 மடங்கா. சரி தம்பி, இது எனக்குப் புதுசு. மூன்று நிமிஷப் பிரச்சினையும் இருக்கிறது என்பதை மட்டும் விடமாட்டேன்.

#7 தூங்காத_அம்மா

அந்த மூன்று நிமிஷத்தில் "தூங்குகிறாளா?" என்று கேட்க பத்து செகண்டுதான் ஆகும் சார்.

#8 தோல்வார்டு_செவிலி

அம்மா சொன்ன அந்தப் பத்து செகண்டு விஷயத்தையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் கையில் கொண்டுபோகிற மாதிரி ஒன்று இருக்கிறது.

போயம் என்று ஒரு கேள்வித்தாள். நாட்டிங்ஹாமில் உருவாக்கியது, 2004ல் வெளிவந்தது. மொத்தம் ஏழே கேள்விகள். போன ஒரு வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது, எத்தனை நாள் ரத்தம் வந்தது, நீர் கசிந்தது, வெடித்தது, செதில் உதிர்ந்தது, வறண்டு சொரசொரத்தது. ஒரு நாளும் இல்லை என்றால் 0, ஒன்றிரண்டு நாள் 1, மூன்று நாலு நாள் 2, ஐந்தாறு நாள் 3, தினமும் 4. மொத்தம் 28. எட்டிலிருந்து 16 வரை நடுத்தரம், 17 முதல் 24 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை.

ஏழு கேள்வியையும் இன்னொரு தடவை பாருங்கள். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பதில் சொல்வதும் வீட்டில் ராத்திரி விழித்திருக்கிற ஆள்தான், மேசைக்குப் பின்னால் இருக்கிறவர் இல்லை. எந்தத் தோலுக்கும் ஒரே தராசு.

ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில் போட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். டாக்டர் அறைக்குள் போனதும் வர்ணனையெல்லாம் வேண்டாம், எண்ணைச் சொல்லுங்கள்.

#9 கறைமனிதன்

நாற்பது தாண்டியவன். இருபது வருஷ எக்சிமா. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கரப்பான் என்பார்கள். இந்த இழையில் எல்லோரும் அரிப்பையும் சிவப்பையும் பேசுகிறீர்கள், நான் கறையைப் பேசுகிறேன்.

அரிப்பு பத்து நாளில் அடங்கும். அது விட்டுப்போகிற கருந்தழும்பு எட்டு மாதம், பத்து மாதம் இருக்கும். கழுத்தில் வந்தால் காலர் வைத்த சட்டை, கையில் வந்தால் முழுக்கை. கைகுலுக்க வருகிறவர் ஒரு கணம் தயங்குவது நமக்கு மட்டும் தெரியும். இதை டாக்டரிடம் சொன்னால் "நோய் அடங்கிவிட்டது, மீதி அழகு சம்பந்தப்பட்டது" என்று கோப்பை மூடிவிட்டார். எனக்கு அந்தக் கறைதான் நோய் சார்.

அப்புறம் இன்னொரு முட்டாள்தனம், நானே செய்தது. ஸ்டீராய்டு போட்டால் தோல் வெளுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆயின்ட்மென்ட்டைப் பாதியில் நிறுத்தினேன். பயத்தில் பட்டாணி அளவை இரண்டு காலுக்கும் தேய்ப்பேன். கணுக்கால் தோல் தடித்து மரப்பட்டை மாதிரி ஆனது, மேலே கெட்டியான முடிச்சுகள் வந்தன. அந்த முடிச்சுகள் கரைய ஒன்றரை வருஷம். அதே நான்தான் கறை போக வேண்டும் என்று ஊர்பேர் தெரியாத வெளுப்பு கிரீம் ஒன்றை மாதக்கணக்கில் முகத்தில் பூசினேன். அதற்குள்ளே வீரியமான ஸ்டீராய்டு இருந்திருக்கிறது என்று பிறகு தோல் டாக்டர் சொன்னார். டாக்டர் எழுதிய ஸ்டீராய்டுக்குப் பயந்தவன், டப்பாவில் எழுதாத ஸ்டீராய்டைக் கன்னத்தில் தேய்த்திருக்கிறேன்.

#10 தோல்வார்டு_செவிலி

கறைமனிதன் சார், கடைசி வரியை எங்கள் வார்டு சுவரில் ஒட்டலாம் போலிருக்கிறது.

அளவு சொல்கிறேன், எல்லோரும் தவறும் இடம் இது. பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும், விரல்களையும் சேர்த்து. ஒரு காலுக்கே அப்படிப் பல தடவை பிதுக்க வேண்டும். பட்டாணி எந்த மூலைக்கு?

வெளுப்பு பற்றி. ஸ்டீராய்டால் நிறம் குறைவது உண்டு, பொய் இல்லை. வீரியமானதை ஒரே இடத்தில் நீண்ட நாள் போட்டால் நடக்கும். ஆனால் நாங்கள் பார்க்கிற வெளிர்த் திட்டுகளில் நிறைய, எக்சிமாவே விட்டுப்போனவை. அழற்சி அடங்கினதும் சில இடம் கருக்கும், சில இடம் வெளுக்கும். கிரீம் போட்ட நேரமும் அதுவேதான் என்பதால் பழி கிரீம்மேல் விழுகிறது. சிகிச்சையை நிறுத்தினால் அழற்சி திரும்புகிறது, கறை இன்னும் கூடுகிறது. கறை வராமல் இருக்க வழி, எக்சிமாவைச் சீக்கிரமாக, முழுசாக அடக்குவதுதான். அதனால்தான் கறையை "அழகு விஷயம்" என்று தள்ளுவது மருத்துவப்படியே தப்பு. முகம், கண் இமை மாதிரி இடங்களுக்கு டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு இல்லாத களிம்புகளும் இருக்கின்றன, கேளுங்கள்.

வெயில் கறையை நீட்டிக்கும். கருத்த தோலில் கண்ணுக்குத் தெரிகிற ஒளியே நிறத்தைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீன் இதற்குத் தேவலை. சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் அந்த ஒளியை அவ்வளவாகத் தடுக்காது.

ஒரு எச்சரிக்கை மட்டும். பல மாதமாக மாறாமல், சிகிச்சைக்கும் அசையாமல் இருக்கிற வெளிர்த் திட்டுகளை "எக்சிமாதான்" என்று விட்டுவிடாதீர்கள். அரிதாகத் தோலில் வரும் லிம்போமா என்ற ஒருவகைப் புற்றுநோய், கருத்த தோலில் இப்படித்தான் தலைகாட்டும். சந்தேகம் இருந்தால் சின்ன பயாப்ஸி (தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுத்துவிடலாம்.

#11 கோடுகுமார்

மென்பொருள்காரன். "போனில் படம் எடுத்தால் நோய் சொல்லும் செயலி வந்தாச்சே, டாக்டர் எதற்கு" என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

2024ல் நேச்சர் மெடிசினில் ஒரு சோதனை வந்தது. பல நாட்டு டாக்டர்களிடம் தோல் நோய்ப் படங்களை மட்டும் காட்டி என்ன நோய் என்று கேட்டார்கள். தோல் நிபுணர்கள் 38 சதவீதம் சரி, பொது மருத்துவர்கள் 19 சதவீதம் சரி. கருத்த தோல் படங்களில் இரண்டு தரப்புக்குமே 4 புள்ளி குறைந்தது. பிறகு எல்லா நிறத் தோலிலும் ஒரே அளவு சரியாகச் சொல்லும்படி கட்டிய ஏஐயை உதவிக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் முன்னேறினார்கள். ஆனால் பொது மருத்துவர்களிடம் வெளுத்த தோலுக்கும் கருத்த தோலுக்கும் இருந்த இடைவெளி குறையவில்லை, கூடியது.

ஏஐ சமமாக இருந்தும் அதைப் பயன்படுத்தின மனிதர்களின் பழைய பழக்கம் இடையில் புகுந்துவிட்டது. எனக்கு இது தூக்கத்தைக் கெடுத்த முடிவு, ஏனென்றால் தரவைச் சரிசெய்தால் போதும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

#12 அவசரத்தில்_அப்பா

மன்னிக்கணும், பேச்சை இடைமறிக்கிறேன். என் பையன் எட்டு வயது, கருப்பு, எக்சிமா உண்டு. நேற்றிலிருந்து கன்னத்திலும் கழுத்திலும் சின்னச் சின்னக் குழிகள், எல்லாம் ஒரே அளவு, ஆணியால் குத்தி எடுத்த மாதிரி. வலிக்கிறது என்கிறான், இதுவரை அரிப்புதான் சொல்வான். காய்ச்சல் இருக்கிறது. எக்சிமா கூடியிருக்கிறதா, ஸ்டீராய்டை அதிகமாகப் போடலாமா?

#13 தோல்வார்டு_செவிலி

அப்பா, இதைப் படித்ததும் கிளம்புங்கள். இன்றைக்கே, இப்போதே, அவசரப் பிரிவுக்கு. நீங்கள் சொல்வது எக்சிமாமேல் ஹெர்பிஸ் வைரஸ் ஏறினது மாதிரி இருக்கிறது. ஒரே அளவுக் குழிகள், வலி, காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. கண் பக்கத்தில் இருந்தால் இன்னும் அவசரம். உள்ளே போனதும் "எக்சிமா ஹெர்பெட்டிகம் சந்தேகம்" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். சிவப்பு இல்லையே என்று யாராவது சொன்னால் அசையாதீர்கள்.

#14 அவசரத்தில்_அப்பா

சேர்த்துவிட்டார்கள். நீங்கள் சொன்னதேதான். ஏசைக்ளோவிர் ஊசிவழி ஏறுகிறது. கண் டாக்டர் பார்த்துவிட்டுப் போனார், கண் தப்பியது. கை நடுங்குகிறது, பிறகு எழுதுகிறேன். நன்றி அக்கா.

#15 நேர்ப்பேச்சு

பையன் நலமாக வரட்டும். நான் வாதாட வந்த இடம் இது, இப்போது நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கருத்த தோலில் சீழ்த்தொற்று பரவுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? சிவப்பு பரவினால் ஆபத்து என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது.

#16 தோல்வார்டு_செவிலி

கைதான் சார். புறங்கையை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சூடு பாருங்கள். அமுக்கினால் வலி, வீக்கம், தோல் இழுத்துப் பளபளப்பது, தேன் நிறப் பொருக்கு. வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் ஓடுங்கள். ஒவ்வாமைக்கு முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் பரிசோதனையையும் நாங்கள் கருத்த தோலில் இப்படித்தான் படிக்கிறோம்: விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, விரலால் தடவி, மேடு இருக்கிறதா என்று.

படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரம். பக்கத்தில் நல்ல தோலும் படத்தில் வரட்டும், ஒப்பிடத் தேவை. போனில் இருக்கிற "அழகூட்டும்" வசதியை அணைத்துவிடுங்கள், அது முதலில் அழிப்பதே நாம் காட்ட வேண்டியதைத்தான்.

#17 இறுதியாண்டு

மருந்துச் சோதனைகள் பற்றி யாரும் பேசவில்லை, சுருக்கமாக. புது மருந்துகளின் பெரிய சோதனைகளில் கருத்த தோல்காரர்கள் எண்ணிக்கை குறைவு. இப்போதுதான் அவர்களுக்கென்றே சோதனைகள் வருகின்றன. லெப்ரிகிசுமாப் மருந்துக்கு நடந்த அட்மைரபிள் என்ற சோதனையில் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் வகை அளவில் 4 முதல் 6 வரை, அதாவது கருமை கூடிய தோல்காரர்களைச் சேர்த்தார்கள். ஒப்பீட்டுக்கு மருந்தில்லாக் குழு வைக்காத சோதனை என்பதை மறக்கக் கூடாது. அப்படியும் முடிவுகளில் கறை எவ்வளவு மாறியது என்றும் பார்த்தார்கள். கறைமனிதன் சாருக்கு அது நல்ல செய்தி.

அந்த ஃபிட்ஸ்பாட்ரிக் அளவே ஒரு தனிக் கதை. 1975ல் ஒளிச் சிகிச்சைக்கு எவ்வளவு புறஊதா கொடுக்கலாம் என்று கணிக்க, வெளுத்த தோல்களை வகைப்படுத்தத் தொடங்கியது. பழுப்பும் கருப்பும் பிற்பாடு ஒட்டவைத்த 5, 6. பழுப்பு, கருப்புத் தோல்காரர்கள் எல்லோரையும் இரண்டு பெட்டிக்குள் அடைத்துவிட்டு அதையே நிற அளவுகோல் என்கிறோம்.

#18 தூங்காத_அம்மா

நான்தான் இழையைத் தொடங்கினேன், ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போகிறேன்.

புது மருந்து தொடங்கிய அன்று போயம் போட்டேன், 22. இன்று நாலாவது வாரம், 9. முழங்கால் இன்னும் சொரசொரப்புதான், ஆனால் உப்புத்தாள் இல்லை. ரத்தக் கறை இல்லாத விரிப்பு இது எட்டாவது நாள். கணுக்காலில் கருந்தழும்பு அப்படியே இருக்கிறது, அதையும் தேதி போட்டுப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

டாக்டர் "நல்லாத்தானே இருக்கா" என்று ஆரம்பிப்பார் என்று தெரியும். செவிலி அக்கா போட்ட கணக்குப்படி 9 என்பது இன்னும் நடுத்தரம். வியாழக்கிழமை உள்ளே போனதும் முதலில் அந்த எண்ணைத்தான் சொல்லப் போகிறேன்.